சம்பந்தியின் முதுகும் ஃபின்லாந்து வியாபாரியும்

புசான், குக்ஜே சந்தை
மழை விட்டும் புழுக்கம் விடாத ஒரு வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, பேராசிரியர் நாம்குங் அவர்களின் சமூகத்திற்கு,

கையுறைக் கடை மா சாங்தல் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் வீட்டுக்காரியும், என் மகன் தேஷிக்கும், தங்கள் அருமை மகளும் என் மருமகளுமான யூரிமும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் ரத்த அழுத்தம் இதற்குள் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இத்துடன் முதல் தரமான நெத்திலிக் கருவாடு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் திருப்பி அனுப்புவதாக இருந்தாலும் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்தப் புழுக்கத்துக்குக் கருவாடு தாங்காது, அனுப்புவதைச் சீக்கிரம் அனுப்பவும்.

நடந்ததற்குத் தொலைபேசியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். யூரிம்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "மாமா, நீங்க போன்ல மன்னிப்பு கேட்டா சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கும். எங்க அப்பா சியோல்காரர், பயந்துடுவார். எழுதிடுங்க" என்றாள். எழுத்தில் சத்தம் கேட்காது என்பது அவள் கணக்கு. நான் எழுதுவதை அருகில் நின்று பார்த்துவிட்டு, பேனாவை அழுத்தாமல் எழுதுங்கள் என்று இப்போதுகூடச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

சம்பந்தி, பொதுக் குளியலகத்தில் நான் தங்களுக்குச் செய்தது பெரிய பிழை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழை திடீரென்று ஒரு நாளில் வந்ததில்லை. நாடு நாடாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடைசியில் தங்கள் முதுகில் வந்து இறங்கியது. அதை வரிசையாகச் சொன்னால் தங்களுக்கே விளங்கும் என்று எழுதுகிறேன்.

நான் படித்தவன் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. குளியலகத்து வாசலில் கூடையில் அழுக்குத் தேய்க்கும் பச்சைக் கையுறையை வைத்துக்கொண்டு "முதுகு தேய்க்க, முதுகு தேய்க்க" என்று கத்தி ஆரம்பித்தவன். கூடை தள்ளுவண்டி ஆனது, தள்ளுவண்டி கடை ஆனது, கடைக்குப் பின்னால் தறி போட்டேன். இந்த ஊரில் பாதி முதுகு என் துணியில் தேய்ந்ததுதான். இப்போதைய பிள்ளைகள் வீட்டிலேயே குழாயைத் திருப்பி நனைந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். குளியலகம் இருந்த இடத்தில் காபிக் கடை வருகிறது. காபிக் கடையில் யாரும் முதுகைக் காட்டுவதில்லை. அப்போதுதான் யூரிம், வெளிநாட்டுக்கு விற்போம் மாமா என்று சொன்னாள். தன் கம்பெனியில் ஒரு வருஷம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். தாங்கள் பெண்ணைப் பெற்றவர், தங்களுக்கு அது பிடிக்கவில்லை. நியாயம். அப்போது தாங்கள் வைத்த நிபந்தனையும் நியாயம். சூசொக் அறுவடைத் திருநாளுக்குள் ஒரே ஒரு வெளிநாட்டுக் கடையாவது ஆர்டர் கொடுத்தால் அவள் வேலையை விட்டுவிட்டுப் புசானிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் புருஷனைக் கூட்டிக்கொண்டு சியோலுக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். தறி ஓட்டத் தெரிந்தவனுக்கு வெளிநாடு ஓட்டத் தெரியாதா என்று ஒரு திமிர்.

அதற்குப் பிறகு வியாபாரிகள் சங்கத்தில் தாங்கள் நடத்திய வகுப்புக்கும் வந்தேன். வெளிநாட்டில் பொருள் விற்பது எப்படி என்று திரையில் படம் போட்டுக் காட்டினீர்கள். சம்பந்தி நடத்தும் வகுப்பு ஆயிற்றே என்று முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே தூங்கியது தங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதற்கும் சேர்த்து இந்தக் கடிதத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் விழித்திருந்த நேரத்தில் இரண்டு விஷயம் காதில் ஏறியது. ஒரு ஊர்க்காரன் எதற்கு வெட்கப்படுவான் என்று தெரிந்துகொள்ளாமல் அவனிடம் எதையும் விற்காதே என்றீர்கள். பிறகு, பேசிக்கொண்டே நிற்காமல் சரக்கைக் காட்டிவிடு என்றீர்கள். இதில் இரண்டாவது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். அதனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

முதலில் பாங்காக் கண்காட்சிக்குப் போனோம். நம் கையுறைப் பாக்கெட்டின் மேல் என்ன படம் இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். தேய்த்த கையும், அதிலிருந்து நூடுல்ஸ் மாதிரி உருண்டு வரும் அழுக்கும். நம் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தாலே முதுகு அரிக்கும், வாங்கிவிடுவார்கள். அதையே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கடைக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு அம்மாள் வந்து கிட்டப் பார்த்துவிட்டு, இது பென்சில் அழிக்கிற ரப்பர் கம்பெனியா என்று கேட்டாள். மொழிபெயர்த்த பையன், அப்படி இல்லை என்று சொல்லி விஷயத்தை விளக்கினான். அவள் இரண்டு கையையும் கூப்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போய்விட்டாள். பக்கத்தில் மாம்பழ சோப்பு விற்றவர்கள் நடுவில் ஒரு திரை கட்டித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். சரி, படம் வேண்டாம், செய்தே காட்டுவோம் என்று ஒரு வாலிபன் கையைப் பிடித்துத் தேய்த்தேன். சம்பந்தி, அந்த ஊரில் காலையில் குளிக்கிறார்கள், மத்தியானம் குளிக்கிறார்கள், படுக்கப் போகும்போதும் குளிக்கிறார்கள். தேய்க்கிறேன் தேய்க்கிறேன், தோல் சிவக்கிறதே ஒழிய ஒரு துளி வரவில்லை. அந்தப் பிள்ளை வலியைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் நான்தான் கையை விட்டேன். தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து வெறுங்கையோடு ஒரு உடம்பை விட்டு எழுந்தது அன்றைக்குத்தான்.

குளிர் நாடாகப் பார்ப்போம், வெந்நீரில் ஊறுகிற ஜனமாகப் பார்ப்போம் என்று யூரிம் இஸ்தான்புல்லைச் சொன்னாள். அங்கே போய் ஒரு கடையில் நம் கையுறையை எடுத்து மேஜையில் வைத்ததும், கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. கண்ணாடிக் குவளையில் டீ ஊற்றினார், நான் குடித்தேன், இன்னொன்று ஊற்றினார், அதையும் குடித்தேன். அப்புறம் மேஜைக்குக் கீழேயிருந்து அவர் ஒரு கையுறையை எடுத்து என் கையுறைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர்கள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து அதே வேலைக்கு அதே மாதிரிதான் வைத்திருக்கிறார்களாம். ஆட்டு மயிரில் நெய்தது. கையில் மாட்டிப் பார்த்தேன். முழங்கையில் ஒரே ஒரு இழுப்பு. சரக்கு நன்றாக இருந்தால் என் கை சும்மா இருக்காது, அது என் பலவீனம். விமான நிலையத்துக்கு எங்களை அழைக்க வந்த தேஷிக், போனதைவிட இரண்டு பெட்டி அதிகமாக வருவதைப் பார்த்து, "என்னப்பா, ஒண்ணுமே விக்கலையா?" என்று கேட்டான். அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "விக்கப் போன இடத்துல வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றான். என் மகனுக்கு இப்படித்தான், கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் சொல்லத் தெரியும். வியாபாரத்துக்கு அது போதாது. அந்த இரண்டு பெட்டியையும் யூரிம் ஒரே வாரத்தில் வேறு பெயர் போட்டு விற்றுத் தீர்த்தாள். அப்போதே எனக்கு மனசில் ஒன்று முடிவாகிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவதாகக் கப்பலேறி ஜப்பான், ஃபுகுவோகா. வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் ஒரு அம்மாள். தையலைப் பிரித்துப் பார்த்தார், தண்ணீரில் நனைத்துப் பார்த்தார், துணி அருமை என்று வாயாரச் சொன்னார். ஆர்டர் வந்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, தன் விடுதிக்கு வருகிறவர்கள் தனியாக வருவார்கள், முதுகை யார் தேய்ப்பது என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் தேய்ப்பார் என்றேன். பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்றார். யாரோ ஒருவர் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று மிகவும் அன்பாக விசாரித்தார். திரும்பி வரும்போது கப்பலில் யூரிம் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அப்புறம், "மாமா, நாம இத்தன நாளா கையுறை விக்கல. இன்னொருத்தர் கைய வித்துக்கிட்டிருக்கோம். அத எப்படி பாக்கெட்ல போடறது?" என்றாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தேன்.

இப்படி மூன்று ஊரிலும் கதவு சாத்தியாயிற்று, சூசொக் நெருங்கிவிட்டது என்ற நேரத்தில்தான் ஃபின்லாந்துக்காரர் வந்தார். பெர்த்து என்று பெயர். நீராவிக் குளியலுக்கு வேண்டிய வாளி, கரண்டி, துண்டு எல்லாம் விற்கும் கடைகளுக்குச் சரக்கு எடுப்பவர். அவரோடு பேசி மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று யூரிம் கேட்டதும், தாங்கள் உடனே ரயிலேறி வந்தீர்கள். தோற்றால் மகள் தங்களிடம் வந்துவிடுவாள், அப்படியிருந்தும் ஜெயிக்க வைக்க வந்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதமே கிடையாது, கருவாடும் கிடையாது.

அந்த மனிதர் பேசவே மாட்டார் என்று யார் எதிர்பார்த்தது? பன்றி எலும்பு சூப்புக் கடையில் உட்கார வைத்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்டால் தலையாட்டுகிறார். பயணம் சுகமா என்றால் தலையாட்டுகிறார். நம் ஊரில் ஒரு ஆள் சாப்பிடும்போது இவ்வளவு அமைதியாக இருந்தால், ஒன்று அவன் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பில்லைப் பார்த்திருக்க வேண்டும். தாங்கள் என் காதருகே, "அவங்க ஊர்ல பேசாம இருக்கறதுதான் மரியாதை, சம்பந்தி. நீங்களும் கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொன்னீர்கள். இருந்தேன். சத்தியமாக இருந்தேன். சூப்பு ஆறுகிற வரைக்கும் இருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குளியலகத்துக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டேன்.

அங்கே தொழில்முறையில் முதுகு தேய்க்கும் பாங் அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அவர் கை பட்டால் கல்லும் வழவழப்பாகும். போய்ப் பார்த்தால் கட்டுப் போட்ட கையோடு கல்லாவில் உட்கார்ந்து அவித்த முட்டை விற்கிறார். முந்தின நாள் காலால் ஆடும் பந்து விளையாட்டில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாராம். "காலால ஆடற ஆட்டத்துல கை எப்படி ஒடியும்?" என்று கேட்டேன். "நீ உன் வேலையப் பாரு" என்றார். தேஷிக் வருவதாக இருந்தது, அவன் சரக்கு வண்டியோடு பாலத்தில் மாட்டிக்கொண்டான். ஆக உள்ளே போனது நாம் மூன்று பேர்தான்.

பெர்த்து துணியைக் களைவதற்கு ஒரு கணமும் யோசிக்கவில்லை. தாங்கள் வகுப்பில் சொன்ன வெட்கம் அவருக்கு அந்தப் பக்கம் இல்லை என்று நான் குறித்துக்கொண்டேன். நேராகப் போய் உலர்சூட்டு அறையில் உட்கார்ந்து, அன்றைய முதல் வாக்கியத்தைச் சொன்னார். இதற்குமேல் சூடு வைக்க முடியாதா என்று கேட்டதாகத் தாங்கள் மொழிபெயர்த்தீர்கள். முடியாது என்று நான் சொல்வதற்குள் அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி மின் அடுப்புக் கல்லின் மேல் ஊற்றினார். உள்ளே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் பலகையையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். விளக்கு அணைந்து, எரிந்தது. பெர்த்து ஒருவர்தான் சிரித்த முகமாக உள்ளே இருந்தார். அதற்குள் தாங்கள் வெந்நீர்த் தொட்டியில் இறங்கிவிட்டீர்கள். அவர் வெளியே வந்து தங்கள் பக்கத்தில் இறங்கியதும், நாடுகளுக்கு நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்தீர்கள். நல்ல விளக்கம் என்றுதான் நினைக்கிறேன். கழுத்துவரை தண்ணீரில் நீண்ட நேரம் விளக்கினீர்கள்.

அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. நான் பெர்த்துவிடம் போய், கையுறையை மாட்டிக்கொண்டு, முதுகைத் திருப்புங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர் யோசித்து, முதலில் பார்க்கிறேன் என்றார். அது இரண்டாவது வாக்கியம். பார்ப்பதற்கு ஒரு முதுகு வேண்டும். என் முதுகை நானே தேய்த்துக் காட்ட முடியாது. சுற்றிப் பார்த்தேன். கிழவர்கள் எல்லாம் சூட்டு அறைக் கோபத்தில் இருந்தார்கள். அந்த நேரம் தாங்கள் தொட்டியிலிருந்து எழுந்தீர்கள், சம்பந்தி. ஊறிப் போய், சிவந்து, ஆவி பறக்க, எங்கள் தொழிலில் ஒரு முதுகு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. அது சம்பந்தியின் முதுகு என்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை. வியாபாரிக்கு அப்படி ஒரு குருட்டுத்தனம் வரும். சம்பந்தி வீட்டார் எதிரே கால் நீட்டி உட்காரக்கூட யோசிக்கிறவன் நான். கல்யாணம் ஆன நாளிலிருந்து தாங்கள் வந்தால் என் வீட்டுக்காரி எனக்குக் காலுறை போட்டுவிடுகிறாள். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குத் தங்கள் தோளைப் பிடித்துக் குட்டி முக்காலியில் அமுக்கி, "ரெண்டே நிமிஷம், சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். தாங்கள் என்னவோ சொல்ல வந்தீர்கள். நான் அதற்குள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன்.

வந்தது பாருங்கள். அதை எழுத வேண்டாம் என்று யூரிம் சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. ஆனால் அழுக்கு வருவதை எங்கள் தொழிலில் யாரும் கேவலமாக நினைப்பதில்லை என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். பாங்காக்கில் வெறுங்கையோடு எழுந்தவன் நான். இத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு முதுகு வாரி வாரிக் கொடுக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாராளமான முதுகு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் வாய் தன்பாட்டுக்குச் சந்தைக்குப் போய்விட்டது. "பாருங்க, பாருங்க, இந்தப் பக்கம் வாங்க, பத்து வருஷத்துச் சரக்கு, ஒரே இழுப்புல" என்று கூவிவிட்டேன். குளியலகத்தில் ஒரு குரல் ஒன்பது குரலாகக் கேட்கும். கிழவர்கள் கோபத்தை மறந்து வந்து வட்டமாக நின்றார்கள். கருவாட்டுக் கடை சோ குனிந்து பார்த்துவிட்டு, "யாருப்பா இவரு, நிலக்கரிக் கப்பல்ல வேல பாத்தவரா?" என்று கேட்டான்.

"என் சம்பந்திப்பா. சியோல்ல பேராசிரியர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"பேராசிரியரா. சும்மா உக்காந்திருந்தா இவ்வளவு சேருமா?"

"படிச்சவங்க நாற்காலில சாஞ்சே உக்காருவாங்க. சேரத்தான் செய்யும்" என்று இன்னொரு கிழவர் சொன்னார்.

இதில் எதையும் தாங்கள் பெர்த்துவுக்கு மொழிபெயர்க்கவில்லை. சரிதான். அவரும் கேட்கவில்லை. குனிந்து தங்கள் முதுகைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தங்கள் முகத்துக்கு நேரே வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு "ம்" என்றார். அதையும் ஒரு வாக்கியமாகச் சேர்த்தால் அது மூன்றாவது. கையுறை ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே விமானம் ஏறிப் போய்விட்டார்.

வெளியே வந்து வாழைப்பழப் பால் வாங்கிக் கொடுத்தேன். தாங்கள் தொடவில்லை. ஈரத் தலையோடு ரயில் நிலையத்துக்குக் கிளம்பினீர்கள். வண்டி ஏறும்போது, "சூசொக் முடிஞ்சதும் யூரிம் சியோலுக்கு வந்துடட்டும்" என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு பேச்சில்லை. ஃபின்லாந்துக்காரரின் மௌனத்தையாவது தாங்கள் எனக்கு விளக்கினீர்கள். தங்கள் மௌனத்தை விளக்க எனக்கு ஆள் இல்லை.

சம்பந்தி, நான் நேரடியாகப் பேசுகிறவன். என் மருமகளை அழைத்துக்கொள்ளாதீர்கள். அவள் போய்விட்டால் இந்தக் கடையில் யோசிக்கிறவர் யாரும் கிடையாது. நான் கத்துவேன், என் வீட்டுக்காரி அளப்பாள், தேஷிக் பெட்டி தூக்குவான். யோசிப்பது அவள்தான். அவள் கடைக்கு வந்ததிலிருந்து நான் ஒரு தப்பைச் செய்வதற்கு முன்னாலேயே அது தப்பு என்று தெரிந்துகொள்கிறேன். தாங்கள் கட்டாயம் யாரையாவது சியோலுக்கு அழைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், என் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பையன், நிறையச் சாப்பிட மாட்டான். மருமகளை விட்டுவிடுங்கள். இதைத்தான் இஸ்தான்புல்லிலிருந்து வந்தபோதே மனசில் முடிவு செய்தேன். தேஷிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்கு ஈடாக நான் வாக்குக் கொடுக்கிறேன். இனி எக்காலத்திலும் தங்கள் முதுகை என் விரல்கூடத் தொடாது. தாங்களும் நானும் ஒரே குளியலகத்தில் கால் வைக்க மாட்டோம், தாங்கள் புசான் வந்தால் நான் குளிக்காமலே இருக்கிறேன். வெளிநாட்டு வியாபாரத்தை இன்றோடு விட்டேன், ஃபின்லாந்து என்ற பேச்சை இந்த வீட்டில் எடுக்க மாட்டேன். அப்புறம் இன்னொன்று. நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அத்தனை சத்தத்துக்கு நடுவில், தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னும் கொஞ்சம் மேல, சம்பந்தி" என்று சொன்னீர்கள். அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளியே போகாது. வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. யூரிமிடம் சொல்லவில்லை. என்னோடு மண்ணுக்குப் போகும்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கமும், என் வீட்டுக்காரியின் விசாரிப்பும். தங்கள் குடும்பத்தில் நோய் நொடி அண்டாமல், இந்த அறுவடையில் பழமும் பலகாரமும் நிறைந்து, தாங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்,
மா சாங்தல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கும்போது யூரிம் கைப்பேசியோடு ஓடி வந்தாள். பெர்த்து எழுதியிருக்கிறார். நேரில் மூன்று வாக்கியம் பேசியவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரும் அவர் மாமனாரும் வருஷக்கணக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் நீராவி அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்களாம். விறகு ஈரமா காய்ந்ததா என்பதைத் தவிர ஒரு பேச்சு பேசியதில்லையாம். போன சனிக்கிழமை அவர் ஒன்றும் சொல்லாமல் நம் கையுறையை மாட்டிக்கொண்டு மாமனார் முதுகைத் தேய்த்திருக்கிறார். கிழவர் திடுக்கிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மேல என்றாராம். அந்தப் பேராசிரியரும் அன்றைக்கு இதே முகத்தோடுதான் என்னவோ சொன்னார், அது என்ன என்று பெர்த்து கேட்டிருக்கிறார். எனக்கு வேறு வழி இல்லை, சம்பந்தி, யூரிமிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பதில் எழுதிவிட்டாள். அடுத்த கடிதமும் வந்துவிட்டது. அவருடைய எல்லாக் கடைக்கும் சரக்கு வேண்டுமாம். பாக்கெட்டில் அழுக்குப் படம் வேண்டாமாம். இரண்டு ஆள் உட்கார்ந்திருக்கும் படமும், அதற்குக் கீழே தாங்கள் சொன்ன அந்தச் சொல்லும் இரண்டு மொழியில் இருக்க வேண்டுமாம். குளிர்காலத்தில் ஹெல்சிங்கியில் நடக்கும் கண்காட்சிக்கு அதே இரண்டு ஆளும் நேரில் வந்து செய்து காட்ட வேண்டும், வேறு முதுகு ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறார். ஆகவே மேலே நான் கொடுத்த வாக்குகளைத் தாங்கள் படிக்காததாகப் பாவிக்கவும். தங்கள் நிபந்தனை சூசொக்குக்கு முன்பே நிறைவேறிவிட்டதால் யூரிம் இங்கேயே இருப்பாள். தேஷிக்கையும் அனுப்புவதற்கில்லை, பெட்டி தூக்க ஆள் வேண்டும். தயவுசெய்து ஒரே ஒரு உதவி. ஹெல்சிங்கி முடியும் வரை தாங்கள் முதுகைத் தேய்த்துக் குளித்துவிட வேண்டாம்.